ஹார்டிஞ்ச் பாலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலம் வருவதற்கு முன் ரயில் பயணிகள் பத்மா நதியை எவ்வாறு கடந்தனர்?

பதில்: கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் செல்வோர் தாமுக்தியா துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் அக்கரையிலுள்ள சாராவை அடைந்து, அங்கே மீட்டர் கேஜ் வண்டியில் ஏறினர். 1915 மார்ச் 4 அன்று வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு பாலத்தைத் திறந்துவைத்தார்.

கேள்வி: ஐயா, ஏறத்தாழ 105 மீட்டர் நீளமுள்ள 15 பெரிய கண்களுக்கு (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகளுக்கு) எஃகுச் சட்டகம் அமைத்ததுதான் இப்பணியில் கடினமான பகுதியா?

பதில்: அதுவும் அரிய வேலையே. ஆயினும் இப்பாலத்தின் உண்மையான சாதனை, ஆற்றை அதன் அடியிலேயே ஓட வைத்ததுதான் என்பது என் உறுதியான கருத்து. பத்மா மணற்படுகையில் ஓடும் நதி. வெள்ளத்துக்கு வெள்ளம் கரையை அரித்து இடம் மாறக்கூடியது. ஆகவே தலைமைப் பொறியாளர் ராபர்ட் கேல்ஸ் பாலத்தின் இரு முனைகளிலும், ஆற்றுப்போக்கை ஒட்டி, கல் பதித்த நீண்ட வழிகாட்டுக் கரைகளை எழுப்பினார். அவற்றின் அடிவாரத்தில் பருங்கற்கள் தளர்வாகப் பரப்பப்பட்டிருக்கும். நீரோட்டம் அடிமணலைத் தோண்டும்போது அக்கற்கள் தாமாகவே சரிந்து, அரிக்கப்பட்ட சரிவின்மேல் படிந்து, மேலும் அரிப்பு ஏறாமல் கரையைக் காக்கின்றன.

கேள்வி: பாறையே எட்டாத மணலில் தூண்கள் எப்படி நிற்கின்றன?

பதில்: நம் ஊர் உறைகிணறு இறக்கும் முறையேதான், அளவுதான் மிகப் பெரிது. உள்ளிருக்கும் மணலை அள்ள அள்ள, தூணுக்கு அடித்தளமான கிணறு தன் பாரத்தாலேயே இறங்குகிறது. தாழ்நீர் மட்டத்துக்குக் கீழே 150 அடிக்கும் அதிகமாக இறக்கியதால், வெள்ளம் படுகையைத் தோண்டினாலும் தூணுக்குப் பிடிப்பு குறைவதில்லை.

கேள்வி: இப்பாலத்துக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 1902இல் இதற்கான விரிவான திட்ட அறிக்கையை அளித்த பிரான்சிஸ் ஸ்பிரிங், பின்னர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவரானார். 1912இல் கணிதமேதை ராமானுஜன் அங்கே எழுத்தராகச் சேர்ந்தபோது தலைவராக இருந்தவரும், அவருடைய ஆராய்ச்சிக்கு ஆதரவு தந்தவரும் இவரே. வழிகாட்டுக் கரைகளைப் பற்றி ஸ்பிரிங் எழுதிய ஆய்வு, அத்துறையில் நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கியது.

கேள்வி: 1971 போரில் பாலம் இடிந்ததல்லவா?

பதில்: குண்டுவீச்சில் 12ஆவது கண் ஆற்றில் விழுந்தது. இந்தியாவின் உதவியுடன் செப்பனிட்டு, 1972 அக்டோபரில் மீண்டும் ரயில் ஓடியது.

கேள்வி: கட்டி முடித்த பிறகும் வழிகாட்டுக் கரைகளைக் கவனிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். 1933 வெள்ளத்தில் வலப்புற வழிகாட்டுக் கரையே உடைந்தது. சரிந்துபோன கற்களுக்கு ஈடாகப் புதுக்கற்களைச் சேர்ப்பதும், நீருக்கடியில் படுகையின் ஆழத்தை அளந்து வருவதும், சட்டகத்துக்கு வண்ணம் பூசுவதைக் காட்டிலும் முதன்மையான பராமரிப்பு.