கம்பி யாருடைய எல்லையில் அறுந்தது?

ஐயா,

மஸ்கட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர்களோடு ஓமானின் வடகோடியான முசந்தம் போயிருந்தோம். கஸப்பிலிருந்து மரப்படகில் கூட்டிப்போய், மலைகளுக்கு நடுவே கடல் உள்வாங்கிய ஓரிடத்தில் ஒரு சின்னப் பாறைத்தீவைக் காட்டினார்கள். பெயர் டெலிகிராப் தீவு. 1860களில் அங்கே தந்தி நிலையம் இருந்ததாம். வெயிலும் தனிமையும் தாங்காமல் வெள்ளைக்கார ஊழியர்களுக்குப் புத்தி பேதலித்ததாம். பைத்தியம் பிடிப்பதை ஆங்கிலத்தில் 'ரவுண்ட் த பெண்ட்' என்பார்களே, அது இந்த இடத்திலிருந்துதான் வந்தது என்றார் படகுக்காரர். உண்மையா?

அந்தத் தந்தித்தடம் குவாதர் வழியாகக் கராச்சிக்குப் போனது என்று பிறகு படித்தேன். பலூச்சிப் பழங்குடிகள் விஞ்ஞானம் புரியாமல் கம்பியை அறுத்துத் தொல்லை கொடுத்தார்களாமே? என்ன இருந்தாலும் அந்த வனாந்தரக் கரைக்கு உலகத் தொடர்பைக் கொடுத்தது ஆங்கிலேய நிர்வாகம்தானே? பலூச்சிஸ்தானை ஆண்ட கலாத் அரசர்கள் திராவிட மொழி பேசும் பிராகுயிகள் என்பதால் நமக்கும் அந்தக் கரையோடு உறவு உண்டு என்று சொல்லலாமா? எங்களோடு வந்த பலூச்சி நண்பர் தீவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படகிலேயே தூங்கிவிட்டார். அவர்களுக்கு வரலாற்றில் அக்கறை குறைவு போல.

ரா., மஸ்கட்

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்தை எங்கள் ஊர்த் தொழுவத்தில் நின்றபடி கைப்பேசியில் வாசித்தேன். மாடில்லாத தொழுவம், பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூரை இறங்கியதும் நடுக்கால் மட்டும் தனியாக நின்றது. அது ஒரு தந்திக்கம்பம். இலாகா கழித்துப்போட்டதை அப்பா விலைக்கு வாங்கி நட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

படகுக்காரர் சொன்னது கதை. அவரும் பிழைக்க வேண்டாமா? நிலையம் அங்கே நடந்ததே நாலைந்து வருடம். 1864இல் கடலடிக் கேபிள் வந்தது. 1868 முடிவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு பாரசீகப் பக்கம் போய்விட்டார்கள். எதிரே நிலம் இருக்கும்போது பாறைமேல் ஏன் உட்கார்ந்தார்கள் தெரியுமா? அந்த நிலத்தில் இருந்த ஷிஹு பழங்குடிகள் மேல் பயம். பிராகுயி உறவு என்றீர்கள். அவர்கள் எண்களில் இரண்டுக்கு இரட், மூன்றுக்கு முசிட் என்று வரும். நான்கிலிருந்து எல்லாம் பாரசீகம். நம் உறவும் மூன்றோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் தமிழுக்கு ஒரு ரேஷன் கார்டு போட்டுக்கொண்டு வரும் இந்தப் பழக்கத்தை எப்போது விடுவோமோ!

"விஞ்ஞானம் புரியாமல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன்.

அந்தக் கம்பி ஏன் வந்தது? 1857இல் மீரட்டில் கலகம் வெடித்த செய்தி லண்டன் சேர ஏறத்தாழ 40 நாள். அந்த அவமானத்தில் செங்கடலில் ஒரு கேபிளை அவசரமாகப் போட்டார்கள். 1860இலேயே அது செத்துப்போனது. செத்த கேபிளுக்கு ஆங்கிலேய அரசு 50 வருடம் வட்டி கட்டியது. அடுத்து யோசித்த வழிதான் கராச்சியிலிருந்து மக்ரான் என்ற பலூச்சிக் கடற்கரையோரமாகக் குவாதர். அங்கிருந்து கடலுக்கடியில் முசந்தம், பாரசீகத்துப் புஷேர், வளைகுடா முடியும் இடத்தில் ஃபாவ். பிறகு துருக்கிக் கம்பி. கரையில் கம்பி போக ஆளைச் சரிக்கட்ட 1861 கடைசியில் அனுப்பப்பட்டவர் கோல்ட்ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி. சென்னைப் படையில் 1839இல் சேர்ந்தவர். உறவு வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்டுப் போனதை ஒரே கேள்வியாகச் சுருக்கலாம். இந்த இடத்தில் கம்பி அறுந்தால் யார் பொறுப்பு? கராச்சியை அடுத்த லாஸ் பேலாவின் சிற்றரசரான ஜாம் கையெழுத்துப் போட்டார். மக்ரானின் உட்பகுதியான கேச்சிலும் ஏற்பாடு ஆயிற்று. வருடப்பணம் தலைவருக்கு, காவல் அவர் ஆட்களுக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்தக் கரை எப்படிப்பட்டது? மேத்துகள் என்ற கரையோரத்து மீனவர்கள் மீன் பிடிப்பார்கள். அதில் பங்கு ஒரு தலைவருக்கு. ஆடு மேய்ப்பவன் மழை பெய்த பக்கம் போவான். பேரீச்சை பழுக்கும் கோடையில் கேச் பள்ளத்தாக்குக்குக் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். ஒரே நிலத்துக்கு ஒருவன் தண்ணீரில் பாத்தியப்பட்டவன், இன்னொருவன் மேய்ச்சலில், மூன்றாமவன் விளைச்சலில். சம்பளப் பட்டியலில் அப்படி எழுத முடியாது. ஒரு வரிக்கு ஒரு பெயர். பெயர் எழுதப்பட்டவன் அன்றிலிருந்து சர்க்காரின் ஆள். எழுதப்படாத பங்காளி என்ன செய்வான்? கம்பியில் கை வைப்பான். கம்பி எதற்கென்று தெரியாமல் இல்லை, தெரிந்ததால்தான். இரவில் ஒரு கம்பத்தைச் சாய்த்தால் விடிந்ததும் பதில் சொல்ல வேண்டியவன் வருடப்பணம் வாங்குகிறவன்!

என் தாத்தா தலையாரி. ராமநாதபுரம் கரையோரம், உடைமரமும் பனையும் மட்டும் உள்ள பொட்டல் வழியாகத் தந்திக்கம்பி போகும். எனக்கு ஏழு வயது இருக்கும்போது ஓர் இரவில் செப்புக் கம்பி களவு போனது. யாரும் தாத்தாவைச் சந்தேகப்படவில்லை. ஆனாலும் இரண்டு ராத்திரி போலீஸ் ஸ்டேஷன் திண்ணையில் உட்காரவைத்தார்கள். "உன் எல்லையில அறுந்திருக்கு, நீதான் ஆளைக் காட்டணும்." அடிக்கவில்லை. சாப்பாடுகூட வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஆச்சி பிற்பாடு சொல்வாள், அதை ஒரு பெருமை போல.

திரும்பி வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே பொட்டலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். எல்லைக்கல்லைத் தேடி, முள்ளை விலக்கி, அங்கிருந்து கம்பி அறுந்த இடம்வரை காலடியால் அளந்தார். திரும்ப அளந்தார். "அந்தாண்ட ஏழு தப்படிடா" என்றார். அடுத்த ஊர்த் தலையாரி அவருடைய சொந்த மச்சினன். மறுநாள் அவரும் வந்து அளந்தார். அவர் கணக்கில் அறுந்த இடம் எங்கள் பக்கம். அதுவரை அந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று ரெண்டு ஊரிலும் எவனுக்கும் கவலை இல்லை. பனையை இவன் வெட்டுவான், ஓலையை அவன் எடுப்பான். அந்த வருடம் ரெண்டு ஊரும் சேர்ந்து சர்வேயரைக் கூப்பிட்டார்கள். மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாத்தா போகவில்லை. எங்கள் ஊருக்கு அந்தக் கம்பி வழியாக ஒரு தந்தி வந்ததாக எனக்கு நினைவில்லை. சாவுச் செய்தியைக்கூடச் சைக்கிளில் ஆள் வந்துதான் சொல்வான்.

இப்போது மக்ரானுக்குத் திரும்புங்கள். குவாதருக்கு மேற்கே பாரசீகம் உரிமை கொண்டாடியதால்தான் முதலில் கேபிள் குவாதரிலேயே கடலில் இறங்கியது. 1868இல் பாரசீக மன்னரான ஷாவோடு ஒப்பந்தம் போட்டு, அவர் கரையிலிருந்த ஜாஸ்க் வரை கம்பியை நீட்டினார்கள். வாடகையை ஷா வாங்கினார். வாடகை வாங்குகிறவர் நிலத்துக்காரர் ஆனார். அடுத்த கேள்வி தானாக வந்தது: ஷாவின் நிலம் எங்கே முடிகிறது, கலாத் கானின் நிலம் எங்கே தொடங்குகிறது? எல்லை வரையப் போனவர் யார் என்கிறீர்கள்? அதே கோல்ட்ஸ்மித். 1871இல் ஷா ஒப்புக்கொண்ட அந்தக் கோட்டில்தான் இன்றைக்கு ஈரானும் பாகிஸ்தானும் கடற்கரையில் பிரிகின்றன. தாத்தா ஏழு தப்படி அளந்தார், இவர் மைல் கணக்கில் அளந்தார்.

கலகம் வராமலா போகும்? 1897 டிசம்பரில் பாரசீகப் பக்கம் கம்பியைப் பார்வையிடப் போன கிரேவ்ஸ் என்ற தந்தி அதிகாரி கொல்லப்பட்டார். ஜாஸ்க்கிலும் சாபஹாரிலும் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடுத்த மாதமே இந்தப் பக்கம் கேச்சில் கலகம். நில அளவை முகாம் தாக்கப்பட்டது, தந்திக்கம்பி அறுக்கப்பட்டது. தாக்கியவர்கள் தேர்ந்தெடுத்ததைப் பாருங்கள்: அளக்கிற சங்கிலி, பேசுகிற கம்பி. இதற்கா விஞ்ஞானம் புரியாதவர்கள் என்று பெயர்? கராச்சியிலிருந்து கப்பலில் படை வந்தது. 1898 ஜனவரி 31 அன்று கேச்சில் கோக் புரோஷ் என்ற இடத்தில் கலகத் தலைவர் பலோச் கான் நௌஷெர்வானி ஆட்களோடு செத்தார்.

உலகத் தொடர்பு என்றீர்கள். 1865இல் தடம் திறந்தபோது 20 சொல் அனுப்பக் கட்டணம் 5 பவுண்டு. மக்ரான் கரையில் பஸ்னியில் வலை இழுக்கும் மேத், லண்டனில் யாருக்கு என்ன சொல்லியிருப்பான்?

கோபமாக எழுதிவிட்டேன் போல. ஒன்பது வருடம் வீட்டைப் பிரிந்து இருக்கிறவர், விடுமுறை நாளில் ஒரு பாறையைப் பார்த்து இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்தால் ஒரு வேளை சோறு போட்டிருப்பேன். போட்டுவிட்டு, அந்த நண்பரைப் பற்றி எழுதிய கடைசி வரிக்காகத் திட்டியும் இருப்பேன். மஸ்கட்டில் இருக்கும் பலூச்சிகளில் எத்தனையோ பேருக்குக் குவாதர் பூர்வீகம். 1780களில் கலாத் கான் அந்த ஊரை அடைக்கலம் தேடி வந்த ஓமானிய இளவரசனுக்குக் கொடுத்தார். தானமா, தங்கும்வரை அனுபவிக்கக் கொடுத்ததா என்று இருபுறமும் சண்டை. 1958இல் சுல்தான் அதை 30 லட்சம் பவுண்டுக்குப் பாகிஸ்தானுக்கு விற்றார். அந்த ஊர்க்காரர்களைக் கம்பம் நட்டபோதும் கேட்கவில்லை, விற்றபோதும் கேட்கவில்லை. அந்த மனிதர் படகில் தூங்காமல் வேறென்ன செய்வார்?

நாளை அலுவலகத்தில் அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுங்கள். தீவைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் தாத்தா எந்த ஊர் என்று கேளுங்கள்; அங்கே கம்பம் ஏதாவது மிச்சம் நிற்கிறதா, நின்றால் அதில் இப்போது என்ன கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.