பதில்: 'சீக்கி மங்கி' என்றால் திட்டா?

மகனைக் கூட்டிவரப் போனபோது நர்சரி டீச்சர் சிரித்துக்கொண்டே 'ஹீ இஸ் எ சீக்கி மங்கி' என்றார், இரவெல்லாம் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிம்மதியாகத் தூங்குங்கள். நம் 'சரியான வாலு'தான் அது. பிரிட்டனில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படிக் கொஞ்சுவார்கள். நாமும் 'அடேய் குரங்கே' என்பதில்லையா? ஆனால் யாராவது நிறத்தை வைத்து வெறும் 'மங்கி' என்று கேலி செய்தால் அது வேறு கதை. உடனே புகார் சொல்லுங்கள்.

'சீக்' என்றால் கன்னம்தானே என்று கேட்டிருந்தீர்கள். பேச்சுவழக்கில் அதற்கு வாய்க்கொழுப்பு என்ற பொருளும் உண்டு. 'சீக்கி' அதிலிருந்து வந்தது. அதனால் தொனிதான் முக்கியம். முகத்தை இறுக்கிக்கொண்டு 'டோன்ட் பி சீக்கி' என்றால், பையன் எதிர்த்துப் பேசியிருக்கிறான் என்று அர்த்தம்.

அப்புறம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் 'சீக்கி பைன்ட்?' என்று யாராவது கேட்டால் குழம்பாதீர்கள். வீட்டுக்குப் போகிற வழியில், முன்திட்டமில்லாமல், லேசான திருட்டுத்தனத்தோடு ஒரு பீர். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது. குடிக்காதவர் என்றால் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காருங்கள், ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.