ஏயோலியத் தீவுகள், படகிலிருந்து – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இத்தாலியில், சிசிலிக்கு வடக்கே இருக்கும் ஏயோலியத் தீவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய பயணக் குறிப்புகளைப் படித்ததிலிருந்து, அங்கே போக வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் தூரினில் வேலை பார்க்கிறேன். வரும் ஜூன் மாதம் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் தேய்மானம். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். அம்மா சுத்த சைவம். எங்களுக்குக் கிடைப்பது நான்கு நாள். அதற்குள் ஏழு தீவுகளையும் பார்த்துவிட முடியுமா? மலை ஏற முடியாதவரை எரிமலைத் தீவுக்கு அழைத்துப் போவதில் அர்த்தம் இருக்கிறதா? போனில் சொன்னபோது அப்பா, "கடலைப் பார்க்க ராமேஸ்வரம் போதாதா, அதுக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ம., தூரின்

*

அன்புள்ள ம.,

அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். கடலை மட்டும் பார்க்க என்றால் ராமேஸ்வரமே போதும். ஏயோலியத் தீவுகளில் பார்க்க வேண்டியது மலை. அந்த மலையைப் பார்க்கக் கடலில் இருக்க வேண்டும்.

ஸ்ட்ரோம்போலி எரிமலையின் உயரம் 924 மீட்டர் என்று எல்லா வரைபடத்திலும் போட்டிருக்கும். அது தண்ணீருக்கு மேலே தெரிகிற உயரம். கடலடியில் அது கால் ஊன்றியிருக்கும் இடத்திலிருந்து அளந்தால் ஏறத்தாழ 3,000 மீட்டர். தொட்டபெட்டாவைவிட உயரம். அந்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்குள் கிடக்கிறது, உச்சி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏழு தீவுகளும் இப்படித்தான், கடலுக்குள் எழுந்த எரிமலைகளின் தலைகள். படகில் போகிறவர் பாதி மலைக்கு மேல் ஏறிய உயரத்தில், அதன் சரிவின் மேலே போய்க்கொண்டிருக்கிறார். இதை அப்பாவிடம் சொல்லுங்கள். முழங்கால் தேய்ந்தவருக்கென்றே ஒரு எரிமலை இருக்குமானால் அது இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ட்ரோம்போலியில் ஊர் இருப்பது வடகிழக்குப் பக்கம். நெருப்பு சரிந்து இறங்குவது வடமேற்குப் பக்கம், ஷாரா தெல் ஃபுவோகோ என்கிற கருஞ்சரிவில். அந்தச் சரிவு நேரே கடலில் போய் முடிகிறது. ஊரில் நின்று பார்த்தால் புகை தெரியும், இரவில் மேகத்தின் அடி சிவந்து தெரியும். நெருப்பு இறங்கும் சரிவை எதிரே நின்று பார்க்க ஏற்ற இடம் கடல்தான்.

நான் பார்த்தது ஒரு செப்டம்பர் மாத இரவு. பன்னிரண்டு பேர் உட்காரும் படகு. ஸ்காரி இறங்குதுறையிலிருந்து கிளம்பி, ஸ்ட்ரோம்போலிக்கியோ என்கிற தனிப்பாறையைச் சுற்றினார்கள். அது எப்போதோ இருந்த பழைய எரிமலையின் தொண்டைக்குள் உறைந்துபோன கல். சுற்றியிருந்த மலையெல்லாம் கரைந்துபோக, தொண்டை மட்டும் நிற்கிறது. அதன் தலையில் ஒரு கலங்கரை விளக்கம். அங்கிருந்து வடக்கே வளைந்து சரிவுக்கு எதிரே போனதும், கரையிலிருந்து நல்ல தூரத்தில் படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். விளக்கையும் அணைத்துவிட்டார். படகின் அடியில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒன்றுமே நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த குழந்தை தூங்கிவிட்டது. அப்போதுதான் உச்சியில் சிவப்பாக ஒன்று விரிந்தது. கொல்லன் உலையில் துருத்தி அமுக்கினால் பொறி எழுமே, அப்படி எழுந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, விழுந்தது. சத்தம் சில நொடி கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அது காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில் தட்டியது என்றுதான் சொல்வேன். அப்புறம் வெகு நேரம் கற்கள் உருண்டு வரும் சரசரப்பு. இருட்டில் ஒன்று மட்டும் அணையாமல் கீழே வரைக்கும் உருண்டு வந்து தண்ணீரைத் தொட்டது.

பத்து இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இப்படி. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான். அந்தக் காலத்து மாலுமிகள் இதை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்று சொல்லிவந்ததற்குக் காரணம் அந்த ஒழுங்குதான்.

படகோட்டி அந்த மலையின் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "இட்டு" என்றே சொன்னார். சிசிலிப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு "அவர்" என்று பொருள். தீவுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். "இன்னைக்கு அவர் அமைதியா இருக்கார்", "நேத்து அவர் தூங்க விடலை". நம் பாட்டிமார் தாத்தாவின் பெயரைச் சொல்லாமல் "அவர்" என்றே காலம் முழுக்கச் சொன்னார்களே, அந்தக் குரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதில் பயமும் இருக்கும், உரிமையும் இருக்கும்.

பயப்படவும் காரணம் இருக்கிறது. 2002 டிசம்பர் 30 அன்று அந்தச் சரிவின் ஒரு பகுதி பெயர்ந்து கடலில் விழுந்ததில் சுனாமி எழுந்து ஊரின் கரையோர வீடுகளைச் சேதப்படுத்தியது. 2019 ஜூலை 3 அன்று வழக்கத்துக்கு மாறான பெரிய வெடிப்பு, மலையேறிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு மலையில் எவ்வளவு உயரம் போகலாம், படகு எவ்வளவு நெருங்கலாம் என்பதெல்லாம் எரிமலையின் நிலையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போகும் வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படகுக்காரர் இன்று வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

சரி, ஏழு தீவுகள். நான்கு நாளில் ஏழையும் எட்டிப்பார்க்கலாம்தான், ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லிபாரி, சலினா, ஸ்ட்ரோம்போலி, இந்த மூன்று போதும். லிபாரியில் இரண்டு இரவு, அங்கிருந்தே ஒரு பகல் சலினா போய் வாருங்கள், கடைசி இரவு ஸ்ட்ரோம்போலியில் தங்குங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அங்கே நாள்கணக்கு நம் கையில் இல்லை. கிரேக்கப் பழங்கதையில் காற்றுகளுக்கெல்லாம் காவலனாக இருந்த ஏயோலஸின் பெயரைத்தான் இந்தத் தீவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று நான் ஃபிலிகூடி என்கிற தீவுக்குப் போனேன். மதியம் மேஸ்ட்ராலே என்கிற வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. மாலையில் வர வேண்டிய அலிஸ்காஃபோ என்கிற வேகப்படகு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இறங்குதுறையில் வயதானவர்கள் வந்து கடலை ஒரு பார்வை பார்ப்பார்கள், அலையின் தலை வெளுத்திருந்தால் ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவார்கள். கடையில் ரொட்டி தீர்ந்துகொண்டே வந்தது. கடைக்கார அம்மா கடைசி ரொட்டியைப் பாதியாக அறுத்து, எனக்கும் எனக்குப் பின்னால் நின்றவருக்கும் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை பெரிய கப்பல்தான் முதலில் வந்தது. அதன் வாய் திறந்ததும் காய்கறி வண்டி, சிலிண்டர்கள், தபால் மூட்டை, ஒரு புது மெத்தை, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தீவில் இருந்த எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். இந்தத் தீவுகளின் சிறு ஊர்களுக்குக் குடிதண்ணீரும் கப்பலில் வரும். நம் ஊரில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த முகங்களைப் புரிந்துகொள்ள மொழி வேண்டாம்.

ஜூன் மாதம் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், கவலை வேண்டாம். ஆனால் அலிஸ்காஃபோவுக்கும் நாவேக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். அலிஸ்காஃபோ தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் வேகப்படகு. சிசிலிக் கரையின் துறைமுகமான மிலாட்சோவிலிருந்து லிபாரிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் மாதிரி உள்ளே அடைந்து உட்கார வேண்டும், ஜன்னலெல்லாம் உப்புப் படிந்து மங்கியிருக்கும். நாவே என்பது வண்டிகளை ஏற்றும் பெரிய கப்பல். ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆனால் மேல்தளத்தில் நின்று தீவுகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்க்கலாம், காற்று கொஞ்சம் கூடினாலும் ஓடும். போகும்போது நாவேயில் போங்கள். வழியில் வுல்கானோவில் நிற்கும். எரிமலைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல் இந்தத் தீவின் பெயரிலிருந்து வந்ததுதான். 1890க்குப் பிறகு அது வெடிக்கவில்லை, புகைந்துகொண்டே இருக்கிறது. காற்று வசமாக இருந்தால் கந்தக வாடை கப்பலிலேயே வரும். அந்தத் தீவுக்கு அது போதும், இறங்க வேண்டாம்.

லிபாரியில் கோட்டைப் பாறையின் மேல் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. படிக்கட்டு வழியாகப் போகாதீர்கள், பியாட்சா மட்சீனி பக்கம் சரிவுப் பாதை உண்டு. அப்பா மெதுவாக ஏறிவிடலாம். அங்கே எரிமலைக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கன்னங்கரேல் என்ற கல், உடைத்தால் விளிம்பு சவரக்கத்தி மாதிரி இருக்கும். இரும்பும் செம்பும் வருவதற்கு முன்னால் அதுதான் கத்தி. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இந்தக் கல்லுக்காகச் சிசிலியிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறினார்கள். லிபாரியின் கல் தெற்கு பிரான்சிலும் அட்ரியாட்டிக் கடலுக்கு அப்பால் உள்ள கரையிலும் கிடைத்திருக்கிறது. பாய்மரம்கூட இல்லாமல் துடுப்பு போட்டே கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் கொஞ்சம் நேரம் நில்லுங்கள்.

அதே தீவின் வடகிழக்குக் கரையில் போர்டிச்செல்லோ பக்கம் மலை வெள்ளையாக இருக்கும். நுரைக்கல் வெட்டிய இடம். 2007இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், துருப்பிடித்த ஏற்றுத்துறை மட்டும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டுவார்களே, அப்பா பார்த்திருப்பார். இங்கே ஒரு துண்டை எடுத்து அவர் கையாலேயே கடலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மிதக்கும்.

சலினா அம்மாவுக்காக. மற்றத் தீவுகளைவிடப் பச்சை. இரண்டு மலைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் கிரேக்கர்கள் இதை இரட்டையர் என்று பொருள்படும் பெயரில் அழைத்தார்கள். இந்தத் தீவின் செல்வம் கேப்பர் மொட்டு. பூ மலர்வதற்கு முன், வெயில் ஏறுவதற்கு முன், ஒவ்வொரு மொட்டாகக் கையால் கிள்ள வேண்டும். ஜூனில் போனால் பறிப்பதையே பார்க்கலாம். நான் பார்த்த பெண்மணி இடுப்பை வளைத்தவர் நிமிரவே இல்லை. மடியில் கட்டிய துணிப்பையில் மொட்டுகள் விழும் சத்தம்கூடக் கேட்காது, மிளகளவுதான் இருக்கும். கல்லுப்பில் அடுக்கடுக்காகப் போட்டு ஊறவைக்கிறார்கள். உப்பில் ஊறிய சுண்டைக்காயின் தூரத்து உறவு என்று சொன்னால் அம்மாவுக்குப் புரியும். கத்தரிக்காயும் கேப்பரும் புளிப்பும் சேர்ந்த கப்போனாத்தா கேளுங்கள், கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தாவும் எங்கும் கிடைக்கும். தக்காளியும் கேப்பரும் பரப்பித் தரும் பானே குன்சாத்தோவில் மீன் சேர்ப்பதுண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பனரேயா அழகுதான், ஆனால் பணக்காரர்களின் தீவு. ஸ்ட்ரோம்போலி போகும் வழியில் படகு நிற்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அலிகூடி அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். அங்கே வண்டி ஓடும் சாலை கிடையாது, கரையிலிருந்து வீடு வரை படிதான், சாமான் கோவேறு கழுதையில் போகும். ஸ்ட்ரோம்போலியில் அந்தக் கஷ்டம் இல்லை. சந்துகளில் மூன்று சக்கர ஆப்பே வண்டி ஓடுகிறது. நம் ஊரில் ஷேர் ஆட்டோவாக ஓடுகிறதே, அதே பியாஜ்ஜோ கம்பெனியின் ஆப்பே. தங்குமிடத்தில் சொன்னால் இறங்குதுறைக்கே வந்து பெட்டியோடு ஏற்றிக்கொள்வார்கள்.

நாள் கூடுதலாகக் கிடைத்தால் திரும்பும்போது சிசிலியிலிருந்து மிலானுக்கு இரவு ரயிலில் வாருங்கள். மெஸ்ஸினா ஜலசந்தியில் ரயிலையே சில துண்டுகளாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றுவார்கள். திருச்சிக்காரருக்குப் போட் மெயில் கதை சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறிய தலைமுறையின் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, ரயிலே கப்பல் ஏறுவதைப் பார்க்கக் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ஸ்ட்ரோம்போலி இரவுப் படகுக்குச் சில ஏற்பாடுகள். ஜூன் மாதமானாலும் தண்ணீரில் இருட்டியபின் குளிரும், அம்மாவுக்குச் சால்வையும் அப்பாவுக்குக் காதுக்கு மப்ளரும் எடுத்துப்போங்கள். குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுங்கள். ஏறும்போது படகாள் கை கொடுப்பார், அப்பா கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளட்டும். படகு வடக்கே சுற்றிப் போகும்போது மலை இடப்பக்கம் வரும். அப்பாவை இடப்பக்க ஓரத்தில் உட்காரவைத்து, அவருக்கு முன்னால் யாரும் எழுந்து நின்று போட்டோ எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா