“டிசி குடுப்பீங்களா?”

கேள்வி (சுருக்கம்): எனக்கு வயது 33. பெங்களூரில் ஐ.டி. வேலை. சொந்த ஊர் செங்கம் பக்கம் ஒரு கிராமம், அப்பாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் இருக்கிறது. பரீட்சை, ஹோம்வொர்க், யூனிஃபார்ம் எதுவும் இல்லாமல், விவசாயமும் கைத்தொழிலும் கலந்த ஒரு மாற்றுப் பள்ளியை அந்த நிலத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்த வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் ரொம்ப நாள் கனவு. கையில் 12 லட்சம் சேமிப்பு. இருவரும் வேலையை விட்டுவிட்டு வரும் ஜூனில் தொடங்கலாமா? டிரஸ்டா, சொசைட்டியா? நன்கொடைக்கு யாரைப் பிடிப்பது? அப்பா “பைத்தியமாடா உனக்கு?” என்கிறார்.

பதில்:

தம்பி, உங்கள் முழுக் கடிதத்தில் டிரஸ்ட் என்ற வார்த்தை ஏழு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள், அவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள், எத்தனை பேர் காலையில் வேன் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போகிறார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. அதனால் டிரஸ்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றதை முதலில் பேசுவோம்.

ஜூனில் பள்ளி தொடங்காதீர்கள். சாயங்கால மையம் ஒன்றைத் தொடங்குங்கள், அதுவும் இரண்டு பேரில் ஒருவர் சம்பளத்தில் இருக்கும்போதே.

பல வருடங்களுக்கு முன்னால் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு கிராமத்தில் மாரியம்மன் கோயில் திண்ணையில் இப்படி உட்கார்ந்தோம். எங்களுக்கும் அப்போது பள்ளிக்கனவுதான். முதல் வாரம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து ஒரு பாட்டைத் தடங்கலே இல்லாமல் படித்தாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, அடுத்த பாட்டு என்ன என்று பார்ப்பதற்காக நான் பக்கத்தைத் திருப்பினேன், அவள் நிறுத்தவில்லை. பழைய பாட்டையே கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள், விரல் மட்டும் புதுப் பக்கத்தில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. அஞ்சு வருடமாக அந்த விரலை வைத்தே சமாளித்திருக்கிறாள். ஹோம்வொர்க் வேண்டுமா வேண்டாமா, யூனிஃபார்ம் நல்லதா கெட்டதா என்று நாங்கள் ராத்திரி ராத்திரியாகப் பேசியதெல்லாம் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

அதே திண்ணையில்தான் அவள் அம்மா கேட்டார்: “நீங்க நடத்தற பள்ளிக்கூடத்துல டிசி குடுப்பீங்களா?” நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து நின்றபடியே கேட்ட கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

டிசி என்கிற மாற்றுச் சான்றிதழை ஏதோ காகித விவகாரம் என்று நினைக்காதீர்கள், அது பள்ளியின் அங்கீகாரத்தோடு சேர்ந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் தொடர்ந்தால் நாளுக்குப் பத்தாயிரம். அங்கீகாரம் வேண்டுமென்றால் கட்டடம், கழிப்பறை, தகுதி பெற்ற ஆசிரியர் என்று எல்லாம் வேண்டும், உங்கள் 12 லட்சம் அஸ்திவாரத்துக்கே போய்விடும். சரி, பள்ளி என்று பெயர் வைக்காமல் பகல் முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பதினாலு வயதானதும் என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத வைக்கலாமே என்பீர்கள். சிலர் அப்படிச் செய்கிறார்கள், நல்ல பெற்றோர், நல்ல பிள்ளைகள். அவர்களில் பலர் உங்களைப் போல வேலையும் வீடும் உள்ளவர்கள், கணக்கு தப்பினாலும் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு.

கிராமத்துக் கூலி வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியை விட்டு உங்கள் தோட்டத்துக்கு வந்தால் அதற்கு என்னவெல்லாம் போகும் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மதியச் சாப்பாடு போகும். ஒன்றிலிருந்து ஐந்து வரை என்றால் காலைச் சிற்றுண்டியும் போகும். புத்தகம், நோட்டு, பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள். இதையெல்லாம் காசு கொடுத்து ஈடு கட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று நீண்டதே, அதற்கு ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அதே ஆறாவது கணக்குத்தான் பார்க்கிறது. ஏழாவதில் நீங்கள் நல்ல மனசோடு அழைத்துக்கொண்டு வருகிற பெண்ணுக்குப் பதினெட்டு வயதில் இந்தக் கதவுகள் மூடியிருக்கும், அவள் அப்பாவுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அந்த அம்மா டிசி கேட்டது அறியாமையால் என்று நாங்கள் அப்போது பேசிக்கொண்டோம். அவருக்கு எங்களைவிடக் கணக்கு தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மாற்றுப் பள்ளி (பெயர் வேண்டாம், நடத்தியவர்கள் நல்லவர்கள்தான்) மூன்றாவது வருடம் நன்கொடையாளர் கை விரித்ததும் மூடிவிட்டது. டிசி இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. அதில் ஒரு பையன், களிமண்ணில் அவ்வளவு அழகாகக் குதிரை செய்வான், எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அரைப் பரீட்சைத் தாளில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தான். நடத்தியவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய் வேலையில் சேர்ந்துவிட்டார்கள்.

அதனால்தான் சாயங்காலம் என்கிறேன். பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டில் இருக்கட்டும், ஐந்தரையிலிருந்து ஏழு வரை உங்களிடம் வரட்டும், சனிக்கிழமை அரை நாள் தோட்டம், தச்சு, பானை, பாட்டு எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே நடத்தும் வாசிப்பு மையத்துக்குப் பள்ளி அங்கீகாரம் தேவையில்லை. இது ஏதோ குறைந்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் ‘துளிர்’ 2004இல் தொடங்கியபோது பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் படிப்பை நிறுத்திய இளைஞர்களும் வந்துபோகும் கற்றல் மையமாகத்தான் தொடங்கியது. ஒரு தடவை போய்ப் பாருங்கள், உங்களுக்கு அரூர் வழியாகப் பக்கம்தான். திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது, அங்கேயும் போங்கள். போய் அழகான ஓட்டுக்கூரையைப் படம் எடுத்துக்கொண்டு வராமல், ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வருகிறது, போன வருடம் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள்.

சிறிதாக இருப்பது வீண் போகாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியிருந்த குக்கிராமங்களில் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்காகத் தயாரான பாட அட்டைகளும், எதற்கு அடுத்து எதைப் படிப்பது என்று பிள்ளைக்குப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணியும்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, சில வருடத்தில் செயல்வழிக் கற்றல் என்று தமிழ்நாடு முழுக்கப் போனது. ஆசிரியர்கள் அதைத் திட்டியதும் உண்டு, எழுதி எழுதிப் பதிவேடு நிரப்பியே கை ஓய்ந்தது என்பார்கள், அது தனிக் கதை.

ஆட்களுக்கு வருகிறேன். உங்கள் ஊரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலராக இருந்த பெண் யார் என்று விசாரியுங்கள். 2021இல் கொரோனாவுக்குப் பிறகு தொடங்கிய திட்டம், மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன் வீட்டு வாசலில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தவர்கள் அவர்கள். எந்தப் பிள்ளைக்கு ‘ற’வும் ‘ர’வும் குழம்பும், யார் வீட்டில் அப்பா குடிக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து யாரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டாம், அந்தப் பெண்ணுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். அப்புறம் அரசுப் பள்ளி ஹெச்.எம்.மைப் போய்ப் பாருங்கள், உங்களைப் பார்த்ததும் இவன் யார் குறை கண்டுபிடிக்க வந்தவன் என்றுதான் நினைப்பார். நாலு தடவை போனால் சரியாகிவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அந்தக் கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள், பேசாதீர்கள்.

முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியாக வாசிக்க வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, ஒரு சின்னக் கதை, இதில் எது வரைக்கும் வருகிறது என்று. பாடப்புத்தகத்தில் சோதிக்காதீர்கள், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். அந்த ஒரு நோட்டுதான் பின்னால் நன்கொடை கேட்கும்போதும் உங்களுக்குக் கை கொடுக்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது, அது நீங்களாக இருந்தாலும். ஏழு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். பிள்ளையிடம் பாலியல் ரீதியாகத் தப்பு நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்துக்கொள்வதற்கு இடமில்லை. பிள்ளைகளின் முகத்தை ஃபேஸ்புக்கில் போட்டு நிதி கேட்கவும் கூடாது.

இப்போது காசு. மையத்தில் இரண்டு பேருக்குத் தலா 15,000 சம்பளம், புத்தகம், சுண்டல், கரண்ட், வண்டிச் செலவு என்று மாதம் 45,000 வைத்தால் 12 லட்சம் 26 மாதத்தில் தீர்ந்துவிடும், இதில் உங்கள் வீட்டுச் செலவு சேரவில்லை. ஒருவர் சம்பளம் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) பணத்தை நினைத்துக்கொண்டிருந்தால், மூன்று வருடம் வேலை செய்த பதிவு இல்லாமல் அது உங்கள் பக்கம் வராது. வெளிநாட்டுப் பணத்துக்கு மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். 80ஜி என்று சொல்லும், நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு தரும் பதிவை வாங்கிவிட்டால் ஆபீஸ் நண்பர்கள் எல்லாம் கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள், புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. மாதம் ஐந்நூறு ரூபாய் தவறாமல் அனுப்பும் நாற்பது பேர் கிடைத்தால் அது பெரிய விஷயம், மாதம் இருபதாயிரம்.

டிரஸ்டா சொசைட்டியா என்றால், உங்களுக்கு டிரஸ்ட் போதும். சொசைட்டிக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடா வருடம் பொதுக்கூட்டம், தாக்கல் என்று வேலை ஓடும். டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். ஆனால் ஒரு வருடம் மையம் ஓடிய பிறகு பதியுங்கள், பத்திரத்தில் எழுதிய நோக்கத்தைப் பின்னால் மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. நீங்கள், மனைவி, மச்சான் என்று குடும்ப டிரஸ்டாக வைக்காமல் ஐந்து பேரில் இரண்டு பேராவது அந்த ஊர்க்காரர்களாக, அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வருமான வரிப் பதிவுகளை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பழைய பிரிவு எண்களை வைத்துக்கொண்டு எழுதிய யூடியூப் குறிப்புகளை நம்பி இறங்காதீர்கள்.

அப்பா. அவர் கவலை அந்த இரண்டு ஏக்கர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முழு நிலத்தைக் கேட்காதீர்கள், மோட்டார் கொட்டாய் பக்கத்தில் ஒரு ஓரமாகக் கீற்றுக் கொட்டகை போட மட்டும் இடம் கேளுங்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை டேப்பைக் கையில் கொடுத்து, நிலம் அளக்கிற கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர், வரப்பு கோணலாக இருந்தால் எப்படிப் பிரித்து அளப்பது என்றெல்லாம் அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். முதல் வாரம் வரமாட்டார். பிள்ளைகள் தப்பாக அளப்பதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு இரண்டாவது வாரம் வந்துவிடுவார்.