டைபாய்டு ஊசி போட்டும் கோழி ஏன் சாகுது?

கேள்வி: சார் வணக்கம். 700 பிரவுன் லேயர் முட்டைக்கோழி வச்சிருக்கேன், இப்ப 22 வாரம். பத்து நாளா தினமும் நாலு அஞ்சு செத்துட்டு இருக்கு. மஞ்சப் பச்சையா கழிச்சல், கொண்டை வெளிறிப்போய் உறங்கிக்கிட்டே நிக்குது. போஸ்ட்மார்ட்டம் பண்ண டாக்டர் ஈரல் வீங்கி வெண்கலக் கலர்ல இருக்கு, கோழி டைபாய்டா இருக்கும்னு சொல்லி கல்ச்சருக்கு, அதான் கிருமியை வளத்துப் பாக்கற டெஸ்ட்டுக்கு, அனுப்பியிருக்கார். ஆனா 16வது வாரமே டைபாய்டு ஊசி, அதான் 9ஆர், ஒரு தடவை போட்டேன் சார். ஊசி அலுப்புல வேற எதுவும் ஒட்டிக்கக்கூடாதுன்னு அன்னைலேருந்து அஞ்சு நாள் தண்ணில ஆன்டிபயாடிக்கும் குடுத்தேன். ஊசி டூப்ளிகேட்டா? போன வருஷம் வீட்ல எல்லாரும் டைபாய்டு தடுப்பூசி போட்டோம், ஒரே ஊசில முடிஞ்சது, அப்படி ஒண்ணு கோழிக்குக் கிடையாதா? புள்ளைங்க ஷெட்டுக்குள்ளயே விளையாடுது, அதுங்களுக்கு ஒட்டுமா?

பதில்: தம்பி, ஊசி டூப்ளிகேட்டா இருக்க வேண்டிய அவசியமே இல்ல, நல்ல ஊசியைத்தான் போட்டிருப்பீங்க, அதை அனேகமா நீங்களே அந்த ஆன்டிபயாடிக்க குடுத்து கொன்னுட்டீங்க. திட்டறேன்னு நினைக்காதீங்க, நல்லா படிச்சவங்களே பண்ற தப்பு இது, ஏன்னா ராணிக்கெட் நோய்க்கு லசோட்டாங்கற தடுப்பு மருந்து குடுக்கும்போது கூடவே ஆன்டிபயாடிக் குடுத்தாலும் ஒண்ணும் ஆகாது, அது வைரஸ், ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. அந்தப் பழக்கத்துல இதுக்கும் குடுத்துடறோம். ஆனா 9ஆர்ங்கறது உயிரோட இருக்கிற பாக்டீரியா. கோழி உடம்புக்குள்ள போய் கொஞ்ச நாள் உயிரோட இருந்து பெருகினாத்தான் உடம்பு அதைப் பாத்து பாடம் படிக்கும். பாடம் நடத்த வந்த வாத்தியாரை வாசல்லயே மடக்கி அனுப்பினா புள்ளைங்க என்னத்த படிக்கும்?

இந்த 9ஆர் கதை கொஞ்சம் பழசு. 1956ல வில்லியம்ஸ் ஸ்மித்னு ஒரு பிரிட்டிஷ் கால்நடை விஞ்ஞானி கண்டுபிடிச்சது. கோழி டைபாய்டு உண்டாக்குற சால்மொனெல்லா கேலினேரம் கிருமியோட மேல்தோல்ல நீளமா சர்க்கரைச் சங்கிலி தொங்கும், அது இருந்தாத்தான் அதுக்கு வீரியம். அந்தச் சங்கிலி அறுந்துபோன ஒரு மொட்டை ரகம்தான் 9ஆர். நோய் குடுக்குற சக்தி ரொம்ப கம்மி, ஆனா சுத்தமா பூஜ்யம் இல்ல, அதனாலதான் சின்னக் குஞ்சுக்கும் ஏற்கனவே வாடிப்போன கோழிக்கும் இதைப் போடாதீங்கன்னு சொல்றது. இப்ப சாகுதேன்னு பதறிப்போய் மறுபடி அதே ஊசியை ஷெட்டு முழுக்கப் போட்டுடாதீங்க, நோய் உள்ள இருக்கிற கோழியை அது காப்பாத்தாது, ஊசி ஒரு கோழிலேருந்து அடுத்த கோழிக்குப் போகும்போது கிருமியும் சேந்து போகும்.

செத்த பாக்டீரியாவை வச்சு பண்ற ஊசி இல்லையான்னு அடுத்து கேப்பீங்க. இருக்கு. அதுல ஆன்டிபயாடிக் பிரச்சனை கிடையாது, ரத்தத்துல எதிர்ப்புப் பொருளும் நல்லா ஏறும், அது முட்டை வழியா குஞ்சுக்கும் கொஞ்சம் போகும். ஆனா சால்மொனெல்லா சாமர்த்தியமான கள்ளன், எந்த வெள்ளணு அதைப் பிடிச்சு முழுங்குதோ அதுக்குள்ளயே பாய் விரிச்சுப் படுத்துக்கும். வெளிய ரத்தத்துல ரோந்து சுத்துற எதிர்ப்புப் பொருளால உள்ள படுத்திருக்கிறவனைத் தொட முடியாது, அதுக்கு செல் வழியா வர்ற எதிர்ப்பு வேணும், அதை நல்லா தூண்டுறது உயிருள்ள ஊசிதான். அதனாலதான் பெரிய பண்ணைல முதல்ல உயிருள்ளதும் பின்னாடி செத்ததும் சேத்துப் போடறாங்க.

சரி, உங்க வீட்ல போட்ட ஊசிக்கு வரேன். பேரு ரெண்டுக்கும் டைபாய்டு, ஆனா கிருமி வேற. மனுசனுக்கு வர்றது சால்மொனெல்லா டைஃபி, அது மனுசனை விட்டு வேற எந்த உயிர்லயும் தங்காது. அதுமேல வி.ஐ.ங்கற ஒரு சர்க்கரைப் போர்வை இருக்கும், உங்களுக்குப் போட்டது அனேகமா அந்தப் போர்வையைக் குறிவச்ச ஊசி. கோழிக் கிருமிக்கு அந்தப் போர்வையே கிடையாது, அப்ப அந்த ஊசியைக் கோழிக்குக் குத்தினா என்ன பிரயோஜனம்? சால்மொனெல்லாவுல மட்டும் 2,500க்கு மேல ரகம் இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே ஊசின்னு இன்னும் யாராலயும் பண்ண முடியல. ஒண்ணுக்குப் போட்டது பக்கத்து வீட்டு ரகத்துக்குக் கொஞ்சம் கேக்கும், தூரத்து ரகத்துக்குக் கேக்காது, அவ்வளவுதான். 9ஆர் கேலினேரத்துக்காக வந்தது, ஆனா அது எண்டெரிடிடிஸ்ங்கற இன்னொரு சால்மொனெல்லா ரகத்துக்கும் ஓரளவு பாதுகாப்பு குடுக்கும், ரெண்டும் ஒரே குரூப்பு.

மனுச ஊசியும் ஒரே நாள்ல ஒரே குத்துல வந்துடல தம்பி. 1896ல ஆல்ம்ரோத் ரைட் சூடுபண்ணிக் கொன்ன பாக்டீரியாவைத்தான் ஊசியாப் போட்டார், போட்டவங்களுக்கு ஜுரமும் கை வீக்கமும் படுத்தி எடுத்துச்சு. அப்புறம் 1980கள்ல டிஒய்21ஏன்னு வாய்வழி மாத்திரை வந்துச்சு, உயிருள்ள பலவீனமான டைஃபி, அதுக்கும் பாருங்க, ஆன்டிபயாடிக் சாப்பிடற நாள்ல இதை முழுங்காதீங்கன்னுதான் போட்டிருக்கும், உங்க 9ஆர் கதைதான். வெறும் வி.ஐ. சர்க்கரை ஊசி அதுக்கப்புறம் வந்தது, ஆனா ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தை உடம்பு வெறும் சர்க்கரையை எதிரியாவே மதிக்காது, சரியா வேலை செய்யல. கடைசியில அந்தச் சர்க்கரையை டெட்டனஸ் புரதத்தோட கட்டிப் பாத்தாங்க, பிடிச்சுக்கிச்சு. பாரத் பயோடெக் பண்ண அந்த ஊசிக்கு 2017 கடைசியில உலக சுகாதார நிறுவனம் முன்தகுதி குடுத்துச்சு, ஆறு மாசக் குழந்தைலேருந்து ஒரே டோஸ். மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவின பாகிஸ்தான்தான் 2019ல முதல்ல அதை அரசு தடுப்பூசித் திட்டத்துல சேத்துச்சு. நேபாளத்துலயும் மலாவியிலயும் குழந்தைகளுக்குப் போட்டுப் பாத்தப்ப 80 சதவீதத்துக்குப் பக்கம் பாதுகாப்பு கிடைச்சுது. நூத்துக்கு நூறு அங்கயும் இல்ல, பாத்துக்கங்க.

இப்ப புள்ளைங்க விஷயம். இந்தக் கோழி டைபாய்டு மனுசனுக்கு டைபாய்டா வராது, அந்த பயத்தை விடுங்க. ஆனா நிம்மதியா உக்காந்துடாதீங்க, ஏன்னா எண்டெரிடிடிஸ், டைஃபிமூரியம்னு ரெண்டு ரகம் இருக்கு, அதுதான் நம்ம வயித்தைக் கெடுக்கறது. கோழி அதை வச்சுக்கிட்டு ஜம்முனு முட்டை போட்டுட்டு இருக்கும், ஒரு இறகுகூட வாடாது. எண்டெரிடிடிஸ் முட்டைப் பைக்குள்ளயே போய் உக்காந்து ஓட்டுக்குள்ளயே ஏறிடும். இந்த ரகங்களுக்கு மனுசனுக்குப் போட விற்பனைல ஒரு ஊசியும் இன்னும் வரல, ஆப்பிரிக்காவுல குழந்தைகள் ரத்தத்துல ஏறி உயிரை எடுக்குதுன்னு அதுக்கு ஊசி சோதனைல இருக்கு. அதுவரைக்கும் கோழிக்கு ஊசி போட்டுத்தான் மனுசனைக் காப்பாத்தணும், இது நடந்தும் காட்டியிருக்காங்க: 1988ல பிரிட்டன்ல முட்டைல சால்மொனெல்லா இருக்குன்னு ஒரு அமைச்சர் வாய்விட்டு அவங்க பதவியே போச்சு, பத்து வருஷம் கழிச்சு 1998ல அங்க சிங்கப் படம் போட்ட தர முத்திரை முட்டைன்னா கோழிக்கு எண்டெரிடிடிஸ் ஊசி கட்டாயம்னு கொண்டுவந்தாங்க, ஜனங்களுக்கு அந்த ரகத்தால வர்ற நோய் மளமளன்னு இறங்கிடுச்சு. 2017ல அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காடாச் சாப்பிடலாம்னு அரசே சொல்லிடுச்சு. ஊசி மட்டுமா காரணம்னா இல்ல, எலி ஒழிப்பு, ஷெட்டு சுத்தம், டெஸ்ட்டு எல்லாம் கூட நடந்துச்சு. அதனால புள்ளைங்களை ஷெட்டுக்கு வெளியவே வச்சுக்கங்க, போயிட்டு வந்தா சோப்பு போட்டு கைகழுவச் சொல்லுங்க, முட்டையை மஞ்சக்கரு கெட்டியாகற வரைக்கும் வேகவச்சுக் குடுங்க.

இடையில ஒண்ணு. குஞ்சுகளுக்கு புல்லோரம்னு ஒரு சால்மொனெல்லா வெள்ளையா கழியவைக்கும், ஆனா நாம வெள்ளைக்கழிச்சல்னு சொல்றது ராணிக்கெட்டை. பேரு குழப்பத்துல ராணிக்கெட் ஊசி போட்டேனே, சால்மொனெல்லாவும் நிக்குமேன்னு இருக்காதீங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப செய்ய வேண்டியது: வாடின கோழியை அன்னன்னைக்கே பிரிச்சு எடுங்க, செத்ததை எரிங்க, இல்ல சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைங்க, நாய்க்குப் போட்டுடாதீங்க. கல்ச்சர் வராம கையில கிடைச்ச மருந்தை எல்லாம் மாத்தி மாத்திக் குடுக்காதீங்க. டாக்டர் சொல்ற மருந்து குடுக்கும்போதும், அது முடிஞ்சு லேபிள்ல போட்டிருக்கிற நாள் வரைக்கும் முட்டையை விக்கவும் வேணாம், வீட்டுக்கும் வேணாம். மருந்து சாவை நிறுத்தும், கிருமியை முழுசா துடைக்காது. பிழைச்ச கோழி ஆயுசுக்கும் கிருமியைச் சுமக்கும், அந்த முட்டையைப் பொரிக்க வைக்கவே கூடாது, அந்த ஷெட்டுல இளசுகளைக் கலக்கவும் கூடாது. கூட்டு இடுக்குல ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, ரத்தம் குடிக்கிற சிவப்பு செல்லு இருந்தா அதுவும் இந்தக் கிருமியைப் பரப்பும், அடுத்த பேட்ச் ஏறும்முன்ன அதை ஒழிச்சாகணும்.

அடுத்த பேட்ச்சுக்கு ரத்தப் பரிசோதனை பண்ண ப்ரீடர் கோழி, அதான் தாய்க்கோழிலேருந்து வந்த குஞ்சுதானான்னு கேட்டு வாங்குங்க, இது ஊசியை விடப் பெருசு. 9ஆரை ஆறு வாரத்துக்கு மேல தோலுக்கடில ஒண்ணு, முட்டைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணுன்னு ரெண்டு தடவையாப் போடறதுதான் வழக்கம், சரியான வாரம் லேபிள்ல இருக்கும், உங்க ஒரே டோஸ் லேட்டும்கூட. பாட்டிலை 2லேருந்து 8 டிகிரில வச்சு, கரைச்சதும் சட்டுனு முடிச்சுடணும். ஊசிக்கு முன்னாடி சில நாளும் பின்னாடி சில நாளும் தண்ணிலயும் தீவனத்துலயும் ஆன்டிபயாடிக் வாசமே ஆகாது, ரெடிமேட் தீவனம்னா அதுல ஏற்கனவே கலந்திருக்கான்னு மூட்டைச் சீட்டைப் படிங்க, பல பேரு இங்கதான் மாட்டிக்கிறாங்க.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்க. அன்னைக்கு நீங்க அஞ்சு நாள் குடுத்த மருந்தோட பேரையும் கூட எழுதுங்க, அந்த மருந்துக்கே கிருமி பழகியிருக்கான்னு அதுல பாத்துடலாம்.