புற்றுநோயாளிகளின் தீவிர சிகிச்சையில் தொலைமருத்துவம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஐசியுவில் புற்றுநோயாளிகளைக் கையாண்டு பழகிய மருத்துவர் இல்லை. திரை வழியே பேசும் நிபுணரால் உண்மையில் என்ன மாறும்?

பதில்: முதல் சில மணி நேரங்கள் மாறும். கீமோதெரபி பெற்றவருக்கு நியூட்ரோபில் அணுக்கள் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள்) ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே இறங்கியிருக்கையில், காய்ச்சல் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, 38 டிகிரியில் ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அதை அவசர நிலையாகக் கருதி ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்த உடலில் சீழ் பிடிக்காது, எக்ஸ்ரேயும் தெளிவாகத் தோன்றலாம் என்பதால், இந்நோயாளிகளைப் பார்த்துப் பழகாதவர்கள் பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருந்துவிடுகிறார்கள். அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதே தொலைவிலுள்ள நிபுணரின் முதல் வேலை என்பேன். ரத்தப் புற்றுநோயில் சிகிச்சை தொடங்கியதும் அணுக்கள் மொத்தமாகச் சிதைந்து பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறுகிற டியூமர் லைசிஸ் நிலையும் இத்தகையதே. முந்தைய இரவின் ரத்தப் பரிசோதனை எண்களை ஒருவர் உற்றுப் பார்த்திருந்தால், டயாலிசிஸ் வரை போகாமல் தடுக்க வாய்ப்புண்டு.

கேள்வி: அப்படியென்றால் தினமும் காணொளியில் ரவுண்ட்ஸ் நடத்தினால் இறப்பு குறையுமா?

பதில்: அவ்வளவு எளிதன்று. பிரேசிலில் 30 ஐசியுக்களில் புற்றுநோயாளிகள் மட்டுமல்லாத 17,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. தொலைவிலிருந்த தீவிர சிகிச்சை நிபுணர் தினமும் ரவுண்ட்ஸ் நடத்தியும், ஐசியுவில் தங்கும் நாட்களோ மருத்துவமனை இறப்போ குறையவில்லை. இதைப் படித்துச் சோர்வடைய வேண்டியதில்லை. என் கருத்தில், சொல்லப்பட்ட ஆலோசனையைச் செயலாக்கச் செவிலியரும் மருந்தும் ரத்த வங்கியும் அங்கே இருக்கிறார்களா என்பதை முதலில் கேட்க வேண்டும். நள்ளிரவில் பிளேட்லெட் கிடைக்காத இடத்தில், பிளேட்லெட் ஏற்றச் சொல்லும் குரல் மட்டும் இருந்து பயனில்லை.

கேள்வி: வார்டில் இருக்கும் நோயாளிகளுக்கும் இது பொருந்துமா?

பதில்: அங்கேதான் அதிகம் பொருந்தும். நாடித்துடிப்பு, சுவாச வேகம், நினைவுநிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் செவிலியரே நிபுணரை நேரடியாக அழைக்கலாம் என்ற அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: என் தந்தையை வென்டிலேட்டரில் வைப்பதா என்பதைத் திரையில் தெரியும் மருத்துவர் முடிவு செய்வது சரியா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. அவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. உங்கள் தந்தையின் விருப்பம், புற்றுநோய் மருத்துவரின் கணிப்பு, ஐசியு மருத்துவரின் மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே உரையாடலில் சேர வேண்டும். வெவ்வேறு இடங்களில் இருப்பவர்களை ஒரே நேரத்தில் பேசவைக்கத் தொலைமருத்துவம் உதவுகிறது. பலன் உறுதியாகத் தெரியாதபோது, சில நாட்களுக்கு முழு சிகிச்சை அளித்து, குறித்த நாளில் மீண்டும் கூடி மதிப்பிடலாம் என்று கேளுங்கள். அப்போது உங்கள் அருகில், அதே அறையில், ஒரு மருத்துவரோ செவிலியரோ அமர்ந்திருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.