இரு முனையும் இறுக்கிய இரும்புக் கம்பி சூடானால் ஏன் வளைகிறது? தடிமனான கம்பி போட்டால் தகைவு (ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் உள்ளே ஏறும் விசை) குறையுமா?

குறையாது. செமஸ்டருக்குக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு இதே விஷயத்தில் சம்பளத்திலேயே கை வைத்தார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரு பீன்யாவில் ஃபேப்ரிகேஷன் வேலை. பவுடர் கோட்டிங் ஓவன் (பொடிப் பெயின்டைச் சுட்டு ஒட்டவைக்கும் அடுப்பு) ஒன்று செய்தோம். உள்ளே சாமான் மாட்ட 25 மி.மீ. ஸ்கொயர் ராடு, 3 மீட்டர் நீளம். இரண்டு முனையையும் வெளியே நிற்கும் சேனல் தூண்களில் வெல்டு அடிக்கச் சொன்னார்கள். உள்ளே 180 டிகிரி. தூணையோ கையால் தொடலாம், ராடோடு சேர்ந்து அது நகராது. "ஒரு பக்கம் ஸ்லாட் (நீள ஓட்டை) போட்டு போல்ட்டை லூஸா விடலாம் சார்" என்றேன். "டிப்ளமோ படிச்சவன் டிசைன் பேசுறான்" என்று சார் சிரித்தார். முதல் நாளே ராடு நடுவில் மூன்று விரற்கடை தொங்கிவிட்டது.

இரும்பு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். 150 டிகிரி ஏறினால் 3 மீட்டருக்கு 5.4 மி.மீ. இவ்வளவுதானா என்று தோன்றும். போக இடமில்லாவிட்டால் அதுவே நடுவில் 8 செ.மீ. வரை வளைவாகிவிடும். வளையவும் விடாமல் பிடித்தால் டிகிரிக்கு 2.4 மெகாபாஸ்கல் தகைவு, 150 டிகிரிக்கு 360. சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) 250-லேயே விட்டுக்கொடுத்துவிடும். இந்தக் கணக்கில் நீளமும் வரவில்லை, தடிமனும் வரவில்லை, பாருங்கள்.

சார் 50 மி.மீ. ராடு போடச் சொன்னார். பரப்பு நாலு மடங்கு, அதே தகைவில் அது தள்ளும் விசையும் நாலு மடங்கு. ராடு வளையவில்லை, தூணைத் தள்ளியது. மறுநாள் வெல்டில் மயிரிழை விரிசல். வெல்டிங் சரியில்லை என்று என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

(தூணும் கொஞ்சம் கொடுக்கும், முழு 360 வராது என்று கமெண்டில் கிளம்புவீர்கள். தெரியும் ஐயா. விரிசல் விட அவ்வளவு தேவைப்படவில்லை.)

   

கடைசியில் பழைய 25 மி.மீ. ராடுதான். ஒரு முனையில் ஸ்லாட். போன வாரம் பார்த்தேன், போல்ட் போய்வந்த இடம் மட்டும் ஐந்து மி.மீ. அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது.